தங்கை மகள் விமானப் பணிப்பெண் ஆகப்போகிறாள்: உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாஷ்

வணக்கம். கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார். என் தங்கை மகளுக்கு 22 வயது. பி.எஸ்சி. முடித்த கையோடு, கொச்சியில் நடந்த நேர்முகத் தேர்வுக்குத் தோழிக்குத் துணையாகப் போனாள். தோழி தேறவில்லை, துணைக்குப் போனவள் தேறி வந்துவிட்டாள். அடுத்த மாதம் பயிற்சி தொடங்குகிறது. வீட்டில் இரண்டு கட்சி. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், நிலக்கடலையும் தென்னையும் பார்க்கிற விவசாயி. "ஓட்டலில் சப்ளை செய்கிற வேலையை ஆகாயத்தில் செய்வதற்கு ஒரு பட்டம் எதற்கு?" என்று ஒரு முறை கேட்டார், அதற்குப் பிறகு இதுபற்றிப் பேசுவதே இல்லை. தங்கைக்கு மகளின் ஆசைதான் பெரிது. தாய்மாமன் என்ற முறையில் முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

என் தயக்கம் மாப்பிள்ளையின் தயக்கம் அல்ல. பரிமாறுவதை இழிவாக நினைக்கிறவன் நான் இல்லை. சென்ற ஆண்டு மகனைப் பார்த்துவிட்டுத் துபாயிலிருந்து கொச்சி விமான நிலையமான நெடும்பாசேரிக்குத் திரும்பியபோது கண்ட ஒரு காட்சிதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. எனக்கு முன் வரிசையில், நடைவழி ஓரத்தில், அறுபதை நெருங்கிய ஒரு தொழிலாளி உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்போர்ட்டை இறங்கும்வரை கையிலேயே பிடித்திருந்தார். தலைக்கு மேல் இருந்த பொத்தான்களில் எது விளக்குக்கு, எது ஆளை அழைப்பதற்கு என்று தெரியாமல் மூன்று முறை அழுத்திவிட்டார். மூன்றாவது முறை வந்த பணிப்பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே, அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அந்த விளக்கை அணைத்தார், இந்தியில் ஏதோ சொன்னார், போய்விட்டார். அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது என்பது பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. அதே பெண், இரண்டு வரிசை தள்ளி ஆங்கிலத்தில் பேசிய ஓர் இளைஞரிடம் குனிந்து, கண்ணைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துப் பேசினார்.

இது பயிற்சியில் சொல்லிக்கொடுத்து வருவதா, வேலையின் அலுப்பில் வருவதா, ஆளைப் பொறுத்ததா? மூன்று ஆண்டு கழித்து எங்கள் வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் ஆவாளா? அந்தத் தொழிலில் இருந்தவர்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலை நேரம், உடல்நலம், எத்தனை வயதுவரை வைத்துக்கொள்வார்கள் என்பவற்றையும் தெரிந்தவர்கள் எழுதலாம். அவளுக்கு நீச்சல் தெரியாது. அது தடையாகுமா என்பது அவளுடைய சொந்தக் கேள்வி.

பதில்: முன்னாள் கேபின்காரி

மாஷ், நான் சித்தூர்க்காரி. ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, நம் பாலக்காட்டுச் சித்தூர். எட்டு ஆண்டுகள் கேபின் க்ரூவாக, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளராக, உள்நாட்டு வழித்தடங்களிலும் வளைகுடா வழித்தடங்களிலும் பறந்துவிட்டு, குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயது வந்ததும் வேலையை விட்டேன். நீங்கள் பார்த்த அந்தப் பெண் நானாகவும் இருந்திருக்கலாம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால், முகத்தைப் பார்க்காமல் விளக்கை அணைத்த நாட்கள் எனக்கும் உண்டு.

மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். விமானத்தில் இத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது சாப்பாட்டுத் தட்டுகளின் எண்ணிக்கை அல்ல. 50 இருக்கைக்கு ஒருவர் என்பது பாதுகாப்பு விதி. அதனால்தான் 180 இருக்கை உள்ள விமானத்தில் நால்வர், 78 இருக்கை உள்ள சிறிய ஏடிஆர் விமானத்தில் இருவர். சாப்பாடே கொடுக்காத விமானமாக இருந்தாலும் அந்த நால்வர் இல்லாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு அது புறப்பட முடியாது. 1930-இல் அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற பெண் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏறியபோது அவர் பயிற்சி பெற்ற செவிலியராக இருந்தார். தொடக்க காலத்தில் செவிலியராக இருப்பதையே தகுதியாகக் கேட்டார்கள். பரிமாறுவது அதோடு கூடவே வந்த வேலை. காலப்போக்கில் விளம்பரக்காரர்கள் அந்தக் கூட வந்த வேலையை முன்னால் நிறுத்தி, முதல் வேலையைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

பயிற்சியில் உங்கள் பெண் கற்கப்போவதில் பெரும்பகுதி பரிமாறுதல் அல்ல. கதவைத் திறப்பது, சறுக்குப் பலகையை விரிப்பது, புகை நிறைந்த அறைக்குள் முகமூடியோடு நுழைந்து தீயணைப்பது, மயங்கியவருக்கு நெஞ்சழுத்தம் கொடுப்பது, கைபேசி மின்கலம் தீப்பிடித்தால் என்ன செய்வது, தகராறு செய்பவரை எப்படி அடக்குவது என்பவை பாடங்கள். தயாரிப்பாளர்கள் ஒரு புதிய பெரிய விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது, பாதிக் கதவுகள் மட்டுமே திறக்கும் என்ற நிலையில் 90 விநாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்த 90 விநாடியைத்தான் எங்கள் தலையில் அடித்து இறக்குவார்கள். ஆண்டுதோறும் மறுபயிற்சியும் தேர்வும் உண்டு. தேறாவிட்டால் பறக்க முடியாது. நீச்சல் பற்றி: குளத்தில் இறக்குவார்கள், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டுதான். தண்ணீரைக் கண்டு உடம்பு விறைக்காமல் இருந்தால் போதும். ஆனாலும் சில நிறுவனங்கள் நீச்சலைக் கேட்கின்றன; அழைப்புக் கடிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கற்றுக்கொண்டு போனால் நிம்மதி.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன், அப்போதுதான் உங்கள் காட்சிக்கு வர முடியும். காலை ஐந்தரை மணி விமானம் என்றால் எழுவது இரவு ஒன்றரைக்கு. கொண்டை, ஒப்பனை, சீருடை என்று ஒன்றரை மணி நேரம், வாசலில் வண்டி. அலுவலகத்தில் முதலில் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும், மது துளியும் இருக்கக் கூடாது. பிறகு ஒரு சிறு கூட்டம். அதில் ஆளுக்கொரு பாதுகாப்புக் கேள்வி. பதில் தடுமாறினால் அன்றைக்கு உங்களை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றுவார்கள். விமானத்துக்குள் போனதும் தீயணைப்பான், ஆக்சிஜன் உருளை, டார்ச், மெகாபோன் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நீங்கள் வாசலில் பார்க்கிற வணக்கம்.

கொச்சியிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து வேறோர் ஊர், அங்கிருந்து மறுபடி ஒன்று என்று ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கும் நாட்கள் வரும். மலிவுக் கட்டண விமானம் தரையில் நிற்பது அரைமணி நேரம். அதற்குள் பயணிகள் இறங்க வேண்டும், இருக்கைப் பைகளில் கிடக்கும் காகிதக் குவளைகளை நாங்களே பொறுக்க வேண்டும், யாராவது எதையாவது விட்டுச் சென்றிருக்கிறார்களா என்று இருக்கை இருக்கையாகச் சோதிக்க வேண்டும், அடுத்த கூட்டம் படியேறிவிடும். நாங்கள் சாப்பிடுவது சமையல் பகுதியில் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு. அந்த இடத்துக்கு எங்கள் பேச்சில் "கேலி" என்று பெயர். தமிழில் எழுதினால் வேறு பொருள் வந்துவிடுகிறது, பல நாட்களில் அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. சாமான் நிரம்பிய ஒரு பெரிய தள்ளுவண்டி 100 கிலோவை ஒட்டி இருக்கும். விமானம் மேலேறி முழுதாகச் சமன்படுமுன் அதைத் தள்ளத் தொடங்கினால், மேட்டில் மாட்டுவண்டியைத் தள்ளுவது போலத்தான். அடியில் இரண்டு மிதிகள் உண்டு: சிவப்பை மிதித்தால் நிற்கும், பச்சையை மிதித்தால் நகரும். எட்டு ஆண்டில் என் வலது கால் அந்தச் சிவப்பைத் தூக்கத்திலும் தேடும்.

சம்பளத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிலையான ஒரு தொகை உண்டு. அதற்கு மேல் வருகிற பறப்புப் படி மணிக்கணக்கில் வருவது. அந்த மணி, சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்து முட்டுக்கட்டையைப் போடும்போது முடிகிறது. ஆகவே நீங்கள் பெட்டியை மேலே வைக்க இடம் தேடும் நேரமும், குழந்தை அழும் நேரமும், புறப்பாடு இரண்டு மணி தாமதமாகி எல்லோரும் எங்களைத் திட்டும் நேரமும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராதவை. இது நம் நாட்டுக் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி ஊதியம் தரத் தொடங்கியது 2022-இல்தான். கனடாவில் 2025 ஆகஸ்டில் 10,000-க்கும் மேற்பட்ட ஏர் கனடா பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குத் தரையில் செய்யும் ஊதியமில்லா வேலையே முதன்மைக் காரணம்.

எத்தனை வயதுவரை என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று தனியார் நிறுவனங்கள் பலவும் சில ஆண்டு ஒப்பந்தத்தில்தான் எடுக்கின்றன, பிறகு நீட்டிக்கின்றன. ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பத்தி இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து படியுங்கள். கணக்கு வாத்தியார் படித்தால் நல்லது. முன்பெல்லாம் நிலைமை இன்னும் மோசம். ஏர் இந்தியாவில் பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு, நிர்வாகம் விரும்பினால் நீட்டிப்பு; அதே வேலை செய்த ஆண்களுக்கு 58. முதல் கர்ப்பத்திலேயே வேலை போய்விடும் என்றும் ஒரு விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற ஏர் இந்தியா பணிப்பெண் தொடர்ந்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கர்ப்ப விதியைச் செல்லாது என்றது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை அப்போது அனுமதித்தது. அந்த வரிகளைப் படித்தபோது என் அம்மா, "நல்லவேளை, நீ பிந்திப் பிறந்தாய்" என்றார்.

உங்கள் காட்சிக்கு வருகிறேன். அன்று அவர் எத்தனையாவது பயணத்தில் இருந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது நமக்குத் தெரியாது. அலுப்பு உண்மை. ஆனால் அலுப்பு இரண்டு வரிசை தள்ளி எப்படி மறைந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில்: வேலந்தாவளம் வெல்டர்

சகோதரி நேர்மையாக எழுதியிருக்கிறார். அவருடைய கடைசி வரியிலிருந்து நான் தொடங்குகிறேன். 14 ஆண்டுகளாக வளைகுடாவில் வெல்டராக இருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வருவேன். 50 பாகைக்குப் பக்கத்து வெயிலில் குழாய்க்குள் உட்கார்ந்து பற்றவைக்கிறவனுக்கும் அலுப்பு உண்டு, மிகைநேரத்துக்கு ஊதியம் வராத மாதங்களும் உண்டு. அந்த அலுப்பை நான் என் மேற்பார்வையாளரிடம் காட்டுவதில்லை, எனக்குக் கீழே இருக்கும் உதவியாளிடம்தான் காட்டியிருக்கிறேன். அது தெரிந்துதான் சொல்கிறேன்: அலுப்பு எப்போதும் இறங்குமுகமாகத்தான் பாயும். எங்கள் விமானங்களில் நாங்கள்தான் பள்ளம்.

மொழியும் ஒரு காரணம். கொச்சிக்கு வருகிற விமானத்தில் தமிழ் ஒலிப்பது அபூர்வம். ஆங்கிலம், இந்தி, போகிற நாட்டைப் பொறுத்து அரபி, அதிர்ஷ்டம் இருந்தால் மலையாளம். எல்லையில் இருக்கும் நமக்கு மலையாளம் புரியும், ஆகவே தப்பித்துக்கொள்கிறோம். எனக்குப் பக்கத்தில் ஒரு முறை உட்கார்ந்திருந்த திருவண்ணாமலைக்காரர் வெளியேறும் வழியைக் காட்டும் அந்தக் கையசைவுகளை ஏதோ நடனம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து என்று வந்தால் அவருக்கு எதைச் சொல்வார்கள், எந்த மொழியில் சொல்வார்கள்?

ஒன்றையும் மறைக்கக் கூடாது. எங்கள் ஆட்களும் ஒழுங்காக இருப்பதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று பெட்டியை இழுப்பார்கள். ஏறுமுன்பே குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பணிப்பெண்ணைக் கைதட்டிக் கூப்பிடுவார்கள். விசிலடித்துக் கூப்பிட்ட ஒருவரை என் கண்ணாலேயே பார்த்தேன், அவர் எங்கள் முகாம் ஆள் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். 2017-இல் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதிப்படி, வாய்த் தகராறுக்கு மூன்று மாதம் வரை, கை வைத்தால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பறக்கத் தடை போடலாம். இது எங்கள் முகாம்களில் பலருக்குத் தெரியாது.

ஆனால் நான் மறக்காதது இன்னொன்று. 2011-இல் முதல் முறை போகும்போது கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் மடிகிற கதவு அது. நான் பிடியைத் தேடிக்கொண்டு, கூச்சத்தில் திரும்பிப் போவதற்கு நின்றேன். ஓர் ஆண் பணியாளர் அங்கே வந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தாமே உள்ளே போகிறவர் போல நடுவில் ஒரு விரலால் அழுத்தினார், கதவு மடிந்தது, ஏதோ நினைவு வந்தவர் போல "நீங்கள் போங்கள்" என்று கையைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார். தெரியாதவன் என்று பின்னால் நின்ற யாருக்கும் தெரியவிடவில்லை. அவருக்கும் அன்று அரைமணி நேர இடைவெளிதான் இருந்திருக்கும், அவரும் இரவு ஒன்றரைக்குத்தான் எழுந்திருப்பார்.

பதில்: பாலக்காட்டு நர்ஸ்

சுருக்கமாக எழுதுகிறேன், இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டும். முகத்தை விற்பதும் உழைப்புதான் என்பதை ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் அமெரிக்க விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்துதான் எழுதினார். "உணர்ச்சி உழைப்பு" என்ற சொல் அங்கிருந்து வந்தது. உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று பத்து மணி நேரம் வைத்திருந்தால் வீட்டுக்கு வரும்போது எந்த முகம் நம்முடையது என்றே தெரியாது. வார்டில் எங்களுக்கும் அதே கதைதான். அதனால் அந்தப் பெண்ணை நான் பாதி மன்னிப்பேன், மீதியை வெல்டர் அண்ணன் பக்கம் வைப்பேன்.

மாஷ், உடம்பைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது பறக்கவே கூடாது. காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் அடைபட்டிருந்தால் இறங்கும்போது அழுத்தம் சமன்படாமல் செவிப்பறை கிழியக்கூடும். விடுப்புக் கேட்க அஞ்சிப் பறந்து காதைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இரவு பகல் மாறுவதால் மாதவிலக்கு தவறுவது பலருக்கும் நடக்கிறது. அதைப் பார்த்து வீட்டில் யாரும் கலவரப்பட்டு ஜாதகத்தைத் தூக்க வேண்டாம், மருத்துவரைப் பார்த்தால் போதும். முதுகு, இடுப்பு, பாதம் மூன்றும் இந்த வேலையில் முதலில் கெடுபவை.

மறு கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாஷ்

மூவருக்கும் நன்றி. வெல்டர் தம்பி சொன்ன கதவுக் கதையைத் தங்கை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை திண்ணையில் கடலையை உரித்துக்கொண்டே கேட்டார். கேட்கவில்லை என்பது போல இருந்தார்.

சித்தூர் மகளிடம் இன்னும் ஒரு கேள்வி. முதல் வேலை பாதுகாப்பு, பரிமாறுதல் கூட வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், "என் வேலை உங்களைக் காப்பாற்றுவது, சிரிப்பது அல்ல" என்று ஒரு பணிப்பெண் சொல்லிவிடலாமே? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விமானத்தில், "நான் பணியாளர், உங்கள் வேலைக்காரி அல்ல" என்று பயணியிடம் ஒரு பெண் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. நான் அந்தப் பெண் பக்கம்தான். ஆனாலும், அந்த நியாயம் என் முன் வரிசைப் பெரியவருக்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாதல்லவா?

பதில்: முன்னாள் கேபின்காரி

மாஷ், இரண்டு நாள் யோசித்தேன். நான் முதலில் எழுதியதில் ஒரு கோணல் இருக்கிறது. பாதுகாப்பு ஒரு பெட்டி, உபசரிப்பு இன்னொரு பெட்டி என்பது போல எழுதிவிட்டேன். நல்ல மூத்தவர்கள் அப்படிச் சொல்லித் தரவில்லை.

என் முதல் வாரத்தில் ஒரு மூத்த பணியாளர் என்னை வாசலில் நிறுத்தி, "வணக்கம் சொல்லும்போது நீ என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் சொன்னார்: கண்ணைப் பார், குடித்திருக்கிறாரா என்று தெரியும். நடையைப் பார், ஆபத்து வந்தால் தானாக எழுந்து ஓடக்கூடியவரா, தூக்கிக்கொண்டு போக வேண்டியவரா என்று தெரியும். கையைப் பார், நடுங்குகிறதா, மருந்துப்பை வைத்திருக்கிறாரா என்று தெரியும். முதல் முறை பறக்கிறவர் யார், தனியாக வரும் முதியவர் யார், கதவோர இருக்கையில் உட்கார்ந்து நமக்கு உதவக்கூடிய திடமான ஆள் யார் என்பதையெல்லாம் அந்த மூன்று விநாடிச் சிரிப்புக்குள் எண்ணி வைத்துக்கொள். அதற்குப் பிறகு எனக்கு அந்த வணக்கம் உபசாரமாகத் தோன்றவே இல்லை. பள்ளியில் நீங்கள் வருகைப் பதிவு எடுப்பீர்களே, அதுபோல ஆகிவிட்டது.

அப்படிப் பார்த்தால், உங்கள் முன் வரிசைப் பெரியவரின் முகத்தைப் பார்க்காமல் விளக்கை அணைத்தது மரியாதைக் குறைவு என்பதோடு நிற்கவில்லை, தொழிலிலேயே பிழை. மூன்று முறை அழுத்தியவருக்குத் தாகமா, நெஞ்சுவலியா என்பது முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மொழி தெரியாததால் வாயைத் திறக்காமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்த ஒருவரை நான் ஒரு முறை பார்த்தேன். அன்று கொச்சிக்கு 40 நிமிடம் இருந்தது. ஆக்சிஜன் கொடுத்தோம், தரையில் மருத்துவரை வரவழைத்தோம், பிழைத்துக்கொண்டார். இரண்டாவது அழுத்தலில் நானும் தலைக்கு மேலாகக் கையை நீட்டத்தான் போனேன்.

இன்னொன்று. 2024 ஜனவரி 2-ஆம் தேதி தோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல் படையின் சிறு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறு விமானத்தில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. பணியாளர்கள் மெகாபோனிலும் தொண்டையிலும் கத்தினார்கள். பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள் என்றதும் பயணிகள் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் குரலை நம்பும் பழக்கம் தீப்பிடித்த பிறகு புதிதாக வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். அதுவரை தம்மைக் கண்டுகொள்ளாத ஒருவர் திடீரென்று "குதி" என்றால், கையில் பாஸ்போர்ட்டை விடாமல் பிடித்திருக்கும் அந்தப் பெரியவர் குதிப்பாரா என்று நினைத்துப் பாருங்கள்.

"வேலைக்காரி அல்ல" என்று சொன்ன பெண் பக்கம் நானும் நிற்கிறேன். மரியாதை கொடுப்பதும் கும்பிடு போடுவதும் வேறு வேறு. சிரிக்காமல் இருக்கவும் எங்களுக்கு நேரம் உண்டு. விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது எதிரே மடிப்பு இருக்கையில் முதுகு ஒட்டி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, உங்களைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் திமிர் என்று நினைக்காதீர்கள். இப்போது விபத்து என்றால் எந்தக் கதவு, வெளியே தீ இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, முதல் கட்டளை என்ன, உதவிக்கு எந்த இருக்கைக்காரரைக் கூப்பிடுவது என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த அரை நிமிடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

உங்கள் பெண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். தமிழும் மலையாளமும் தெரிந்த எல்லைக்காரி அவள். விண்ணப்பத்தில் மொழிகள் என்ற கட்டத்தில் இரண்டையும் தவறாமல் எழுதட்டும். அறிமுகப் பட்டையில் மொழி குறிக்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

பதில்: வேலந்தாவளம் வெல்டர்

சகோதரி, ஹனேடா பற்றிச் சொன்னீர்கள். எங்களுக்கு நெருக்கமானது கரிப்பூர், அதாவது கோழிக்கோடு விமான நிலையம். 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. 190 பேரில், விமானிகள் இருவர் உட்பட, 21 பேர் போய்விட்டார்கள். கேபின் பணியாளர் நால்வரும் பிழைத்தார்கள். மழையில் ஓடிவந்து தூக்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் முகாமில் யாரும் டிக்கெட் விலை பற்றிப் பேசவில்லை. அடுத்த முறை ஏறியபோது, அந்தக் கையசைவுகளைத் தொடக்கம் முதல் இறுதிவரை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவருக்குத் தமிழில் சொன்னேன்: நமக்குப் பக்கத்துக் கதவு பின்னால் ஆறாவது வரிசையில் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறை மாஷ்

ஒப்பந்தத்தை நானே படித்தேன். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஏழாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது; எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையும் என்று ஓர் அட்டவணை போட்டுத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. மொழிக் கட்டத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறாள். கூடவே இந்தியையும் எழுதியிருந்தாள், எனக்குத் தெரிந்த அளவில் அது கொஞ்சம் மிகை.

மாப்பிள்ளை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்றுக் காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக் கிணற்றில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மகளின் இடுப்பில் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கயிற்றால் கட்டி இறக்கிவிட்டு, இவர் மேல்படியில் கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். "காலை உதை, கையை அப்புறம் பார்க்கலாம்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.